கரண்ட் போனால் எதைப் பார்ப்பது, எப்படிப் புகார் சொல்வது? ராமநாதபுரம் கடலோர வீடுகளுக்கான கேள்வி பதில்

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், ராமேஸ்வரம் தீவு, கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்று கடலை ஒட்டி இருப்பவர்களுக்குக் கரண்ட் போவது புதிதில்லை. ஆனால் உப்புக்காற்றும் ஈர மணலும் உள்ள ஊரில் மின்கோளாறு வேறு மாதிரி நடந்துகொள்ளும். எதைக் கண்ணால் பார்த்தால் போதும், எதில் கையே வைக்கக் கூடாது, புகாரில் எதைச் சொன்னால் ஆள் நேராகச் சரியான கம்பத்துக்கு வருவார் என்பதை இங்கே தொகுத்திருக்கிறோம்.

கரண்ட் போனதும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

வாசலுக்கு வந்து பக்கத்து வீட்டையும் எதிர் வீட்டையும் பாருங்கள். உங்கள் வீட்டில் மட்டும் கரண்ட் இல்லையென்றால் கோளாறு உங்கள் வீட்டுக்குள்ளோ, கம்பத்திலிருந்து உங்களுக்கு வரும் சர்வீஸ் ஒயரிலோ இருக்கிறது. ஒரு வீடு விட்டு ஒரு வீடு இருட்டாக இருந்தால் மூன்று பேஸில் ஒன்று போயிருக்கிறது. தெரு முழுக்க இருட்டு, அடுத்த தெருவில் வெளிச்சம் என்றால் டிரான்ஸ்பார்மர் பீஸாகவோ அந்த லைனாகவோ இருக்கலாம். ஊரே இருட்டு என்றால் துணை மின்நிலையத்திலிருந்து ஊருக்கு வரும் 11 ஆயிரம் வோல்ட் லைன் (பீடர்) அல்லது துணை மின்நிலையமே காரணமாக இருக்கலாம்.

தெருவிளக்கை வைத்து முடிவுக்கு வராதீர்கள். அதற்குத் தனிக் கம்பி, தனி சுவிட்ச். தெருவிளக்கு எரிய, வீடுகள் மட்டும் இருண்டு கிடப்பது சாதாரணம்.

பகலில் போனால், மாதாந்திரப் பராமரிப்பு நாளா என்று பார்த்துவிடுங்கள். எந்தத் துணை மின்நிலையம், எந்தெந்த ஊர், எத்தனை மணி வரை என்பது முதல் நாளே செய்தித்தாளில் வந்துவிடும்.

என் வீட்டில் மட்டும்தான் இல்லை. கோளாறு என் பக்கமா, வாரியத்தின் பக்கமா?

அதை மீட்டரே சொல்லிவிடும். மின்னணு மீட்டரில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தால் மீட்டர் வரை மின்சாரம் வருகிறது. கோளாறு அதற்குப் பிறகு, அதாவது உங்கள் மெயின் சுவிட்சிலோ வீட்டு ஒயரிங்கிலோ. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். மீட்டரில் எழுத்தே இல்லாமல் வெறிச்சென்று இருந்தால் மின்சாரம் மீட்டருக்கே வரவில்லை. வாரியத்துக்குச் சொல்ல வேண்டிய கோளாறு. மும்முனை மீட்டரில் மூன்று பேஸுக்கும் தனித்தனி அடையாளம் இருக்கும், எது போயிற்று என்பதும் தெரிந்துவிடும்.

பார்ப்பது மட்டும்தான் உங்கள் வேலை. மீட்டர் பெட்டியின் சீலை உடைப்பது, மீட்டருக்கு முன்னால் உள்ள கட்டவுட்டை (வாரியத்தின் பீஸை) தொடுவது எதுவும் வேண்டாம். வீட்டு மெயினை அணைத்தாலும் அந்தப் பகுதியில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அதை உங்களால் அணைக்கவே முடியாது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்.

கடலோரத்தில் மீட்டர் பெட்டியைத் தொடும் முன் இன்னொன்றையும் கவனியுங்கள். இரும்புப் பெட்டி துருப்பிடித்து, அடிப்பக்கம் பொரிந்து உதிர்ந்து, உள்ளே செம்புக் கம்பியில் பச்சை பூத்திருக்கும். அப்படிப்பட்ட பெட்டியின் தகரத்திலேயே கசிவு இருக்கலாம். வெறுங்காலோடு நின்று கதவைத் திறக்காதீர்கள்.

டிரிப்பர் விழுந்திருக்கிறது. தூக்கிவிடலாமா?

தூக்கலாம், ஒழுங்காக. கை உலர்ந்திருக்கட்டும், காலில் ரப்பர் செருப்பு இருக்கட்டும், நிற்கும் இடத்தில் ஈரம் வேண்டாம். முதலில் எல்லா எம்சிபிகளையும் (ஒவ்வொரு வரிசைக்கும் உள்ள சின்ன டிரிப்பர் சுவிட்சுகளை) கீழே தள்ளுங்கள். விழுந்த எம்சிபி நடுவில் தொங்கிக்கொண்டு நிற்கும். அதை முழுக்கக் கீழே அழுத்திவிட்டுத்தான் மேலே தூக்க வேண்டும், இல்லாவிட்டால் நிற்காது. பிறகு மெயினைப் போட்டு, ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். எதைத் தூக்கியதும் மறுபடி விழுகிறதோ அந்த வரிசையில்தான் கோளாறு. அதைக் கீழேயே விட்டுவிட்டு மற்றவற்றைப் பயன்படுத்தலாம்.

தூக்கியதும் மறுபடி விழுந்தால் இன்னொரு முறை தூக்க வேண்டாம். விழும் டிரிப்பரைக் குச்சி வைத்து முட்டுக் கொடுப்பதும், அடிக்கடி விழுகிறதே என்று பெரிய அளவு எம்சிபி மாற்றுவதும் வீட்டைத் தீக்குக் கொடுக்கும் வேலை.

விழுந்தது ஆர்சிசிபி என்றால், அதாவது டெஸ்ட் பொத்தான் வைத்த டிரிப்பர் என்றால், எங்கோ மின்சாரம் கசிகிறது. வீட்டுக்குப் போடுவது 30 மில்லி ஆம்பியர் அளவு. அவ்வளவு சிறிய கசிவுக்கே விழுந்துவிடும். மோட்டார், கிரைண்டர், ஹீட்டர், வெளிவாசல் பல்பு என ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் பாருங்கள். இந்தக் கரையில் மொட்டைமாடி சுவிட்சும் போர் மோட்டார் ஸ்டார்ட்டரும்தான் முதலில் சந்தேகப்பட வேண்டியவை. உப்பு படிந்த பெட்டிக்குள் பனி இறங்கினால் விடியற்காலையில் டிரிப்பர் விழும், வெயில் ஏறியதும் தூக்கினால் விழாமல் நிற்கும். சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். கசிவு அங்கேயேதான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் பழைய பீஸ் கட்டைதான். கம்பி நானே மாற்றலாமா?

மீட்டருக்குப் பிந்தைய உங்கள் சொந்தப் பீஸ் என்றால், மெயினை அணைத்த பிறகு மாற்றலாம். வெள்ளீயம் பூசிய பீஸ் கம்பி கடையில் கிடைக்கும்: லைட் வரிசைக்கு 5 ஆம்பியர், தடிமன் 0.2 மி.மீ, பவர் பிளக் வரிசைக்கு 15 ஆம்பியர், 0.5 மி.மீ. ஒயரிலிருந்து உருவிய செம்பு இழைகளை முறுக்கிப் போடாதீர்கள். பீஸ் போவதற்குப் பதில் சுவருக்குள் இருக்கும் ஒயர் போகும்.

பீங்கான் கட்டையின் பித்தளை நாக்கு கறுத்து, பச்சை பிடித்திருந்தால் கம்பி மாற்றிப் பயனில்லை. பிடிப்பு தளர்ந்து சூடாகித்தான் மறுபடி மறுபடி போகிறது. கட்டையையே மாற்றுங்கள்.

பல்பு எரியவில்லை, ஆனால் பிளக்கின் இரண்டு துளையிலும் டெஸ்டர் ஒளிர்கிறது. என்ன அர்த்தம்?

நியூட்ரல் அறுந்திருக்கிறது. பேஸ் கம்பி வழியாக வந்த மின்சாரம், போட்டு வைத்திருக்கும் பல்பு, மின்விசிறி வழியாகக் கடந்து, திரும்பிப் போக வழியில்லாமல் நியூட்ரல் கம்பியிலேயே நிற்கிறது. அதனால்தான் இரண்டு துளையிலும் ஒளி. எதுவும் ஓடவில்லையே, கரண்ட் இல்லை என்று நினைத்துக் கை வைப்பவர்கள் அடிபடுவது இங்கேதான்.

கம்பத்திலோ டிரான்ஸ்பார்மரிலோ நியூட்ரல் அறுந்தால் இதைவிட மோசம். ஒரு வீட்டில் பல்பு மங்கும், இன்னொரு வீட்டில் பளீரென்று எரியும், மின்விசிறி தாறுமாறாகச் சுற்றும். 230 வோல்ட் வர வேண்டிய வீட்டில் 400 வோல்ட் வரை ஏறக்கூடும். டிவி, பிரிட்ஜ், சார்ஜர் எல்லாம் நிமிடத்தில் போய்விடும். பல்பு வழக்கத்தைவிடப் பளிச்சென்று ஆன அந்தக் கணமே மெயினை அணையுங்கள். பிறகு பக்கத்து வீட்டுக்காரர்களையும் அணைக்கச் சொல்லிவிட்டுப் புகார் சொல்லுங்கள். "நியூட்ரல் போயிருக்கிறது, வோல்டேஜ் ஏறுகிறது" என்ற இந்த வார்த்தைகளையே சொல்லுங்கள், அவசரம் புரிந்துவிடும்.

கொட்டும் மழையில் இருக்கிற கரண்ட், சின்னத் தூறலுக்குப் போய்விடுகிறதே, ஏன்?

உப்புதான் காரணம். கச்சான் காற்று வாரக்கணக்கில் அடித்த பிறகு கம்பத்தின் பீங்கான் இன்சுலேட்டர் மீது உப்பும் தூசியும் வெள்ளையாகப் படிந்திருக்கும். உலர்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. தூறலோ அதிகாலைப் பனியோ பட்டதும் அது உப்புக் கரைசலாகி, பீங்கானின் மேற்பரப்பு வழியாகவே மின்சாரம் கம்பத்துக்கு இறங்குகிறது. இரவில் பார்த்தால் கம்பத் தலையில் நீல நிறப் பொறி ஓடும், 'சர்ர்' என்று சத்தம் கேட்கும். அளவு மீறினால் பீடர் டிரிப் ஆகிவிடும். நல்ல மழை பெய்தால் உப்பைக் கழுவிவிடும், அதன்பின் நிற்கும்.

அந்த நீலப் பொறியைப் பார்த்தால் கரண்ட் போகும்வரை காத்திருக்காதீர்கள். எந்தக் கம்பம் என்று குறித்துக்கொண்டு அன்றைக்கே சொல்லுங்கள். ஈரமான கம்பத்தைத் தொட வேண்டாம், ஆட்டையும் மாட்டையும் அதில் கட்ட வேண்டாம், இழுவைக் கம்பியில் சாய வேண்டாம்.

கம்பி அறுந்து மணலில் கிடக்கிறது. ஊரில் கரண்ட் இல்லை. ஓரமாகத் தள்ளிவிடலாமா?

கூடாது. கடலோரத்தில் மிகப் பெரிய ஏமாற்று இதுதான்.

கம்பி அறுந்து தரையில் விழுந்தால் துணை மின்நிலையத்தில் தானாக டிரிப் ஆகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஈர மண்ணில் விழுந்தால் பெரும்பாலும் ஆகும். காய்ந்த மணல் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. அதன் மேலோ காய்ந்த பனையோலை மேலோ விழுந்த கம்பியிலிருந்து தரைக்கு மிகக் குறைந்த மின்சாரமே இறங்குகிறது. துணை மின்நிலையத்தில் கோளாறைக் கண்டு லைனை நிறுத்தும் ரிலேவுக்கு அது கோளாறாகவே தெரியாது. கம்பி பொறி கூடப் பறக்காமல், செத்த பாம்பு போலக் கிடக்கும், 11 ஆயிரம் வோல்ட்டும் அதில் இருக்கும். ஊரில் கரண்ட் இல்லாவிட்டாலும், கோளாறைத் தேடுகிறவர்கள் லைனை ஒரு முறை போட்டுப் பார்ப்பார்கள். அந்த நொடியில் கம்பிக்கு உயிர் வந்துவிடும்.

குறைந்தது 10 மீட்டர் தள்ளி நில்லுங்கள். மழைநீரோ கடல்நீரோ தேங்கியிருந்தால் அந்த நீர் முழுவதையுமே கம்பியாக நினைத்து இன்னும் விலகுங்கள். அருகில் மாட்டிக்கொண்டால் ஓடாதீர்கள். இரண்டு பாதமும் ஒட்டியபடி, தரையைத் தேய்த்துத் தேய்த்து நகருங்கள். அகலமாக எட்டு வைத்தால் ஒரு காலுக்கும் மறு காலுக்கும் இடையே உள்ள வோல்டேஜ் வித்தியாசம் உடல் வழியாகப் பாயும். மாடுகள் சட்டென்று இறப்பதும் அதனால்தான். முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகம்.

பாதையின் இரு பக்கமும் ஆள் நிறுத்தி, பிள்ளைகளையும் ஆடு மாடுகளையும் தடுங்கள். மூங்கில், துடுப்பு, பனைமட்டை எதையும் கொண்டு தள்ள முயல வேண்டாம். கடற்காற்றில் கிடந்த மரத்தில் உப்பு ஈரம் ஊறியிருக்கும்.

லைன்மேன் வர நேரமாகிறது. டிரான்ஸ்பார்மரில் பீஸ் போடத் தெரிந்த ஆள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்.

அவரை ஏற விடாதீர்கள். துறட்டியால் ஏர் பிரேக் சுவிட்சை (டிரான்ஸ்பார்மருக்கு வரும் லைனைப் பிரிக்கும் சுவிட்சை) இழுத்துவிட்டால் போதும் என்று நினைப்பார். உப்பரித்த சுவிட்சில் மூன்று பிளேடில் ஒன்று பிரியாமல் ஒட்டிக்கொண்டே நிற்கும். கீழிருந்து பார்த்தால் தெரியாது. வாரிய ஊழியர்கள் லைனை நிறுத்தியதை உறுதி செய்து, கம்பிகளை எர்த் செய்த பிறகே கை வைக்க வேண்டும் என்பது விதி. ஊர்க்காரரிடம் அந்த எர்த் கம்பியும் இல்லை, துணை மின்நிலையத்திலிருந்து கிடைக்கும் உறுதியும் இல்லை.

புகார் எந்த எண்ணில்? என்ன சொல்ல வேண்டும்?

மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம்: 94987 94987. 2021 முதல் 24 மணி நேரமும் இயங்குகிறது. உங்கள் பிரிவு அலுவலக எண்ணையும் போனில் சேமித்து வையுங்கள். புயல் நாளில் மின்னகத்தில் வரிசை நீளும். பிரிவு அலுவலகம் எடுக்கக்கூடும்.

"கரண்ட் இல்லை" என்று மட்டும் சொன்னால் வருகிறவர் தேட வேண்டியிருக்கும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"தங்கச்சிமடம், சர்ச்சுக்குப் பின் தெரு. காலை 6:10-க்குப் போனது. எங்கள் வீட்டில் மட்டும்தான் கரண்ட் இல்லை, எதிர் வரிசையில் இருக்கிறது. மீட்டரில் எழுத்து வரவில்லை. கம்பத்தில் சர்வீஸ் ஒயர் சேரும் இடத்தில் பொறி பறந்தது. கம்பத்தின் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. இணைப்பு எண் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்."

டிரான்ஸ்பார்மரின் பெயரோ கம்பத்தின் எண்ணோ பெயின்ட்டில் எழுதியிருந்தால் அதையும் சேருங்கள். கம்பி அறுந்திருந்தால், கம்பம் சாய்ந்திருந்தால், யாருக்காவது ஷாக் அடித்திருந்தால் அதுதான் முதல் வாக்கியமாக இருக்க வேண்டும். ஊர், தெருவெல்லாம் பிறகு. தரும் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பக் கேட்கும்போது அதுதான் பேசும்.

இணைப்பு எண் எங்கே இருக்கும்?

மீட்டர் அட்டையில், கட்டண ரசீதில், பணம் கட்டியதும் வரும் குறுஞ்செய்தியில். மண்டலம், பிரிவு, பகிர்மானம், இணைப்பு என்ற வரிசையில் எண்கள் இருக்கும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் அட்டையை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்லிச் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. ஒவ்வொரு மாதமும் அதே கோளாறு.

தேதி, நேரம், புகார் எண் மூன்றையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி, பிரிவு உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் பெற்றதற்குக் கையெழுத்து வாங்குங்கள். நடக்கவில்லையென்றால் உதவி செயற்பொறியாளர், செயற்பொறியாளர். அதற்கும் மேல், மின்பகிர்மான வட்டத்தில் உள்ள மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம். அதன் உத்தரவிலும் திருப்தி இல்லையென்றால் சென்னையில் உள்ள மின் குறைதீர்ப்பாளர். தேதியோடு எழுதிய அந்த ஒரு தாள்தான் எல்லாப் படியிலும் உங்களுக்குத் துணை.

வோல்டேஜ் குறைவாக இருக்கிறது என்ற புகாருக்கும் இதே வழி. 230 வோல்ட்டில் 6 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம், அதாவது சுமார் 216 முதல் 244 வரை. மாலை 7 மணிக்கு 180 காட்டுகிறது என்றால் மல்டிமீட்டரோடு போட்டோ எடுத்து இணையுங்கள்.

வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. மெயினை அணைக்க உள்ளே போகலாமா?

தண்ணீர் பிளக் பாயின்ட் உயரத்தைத் தொட்டிருந்தாலோ, மெயினை எட்ட தண்ணீரில் நிற்க வேண்டியிருந்தாலோ போகாதீர்கள். வெளியே வந்து மின்னகத்துக்குச் சொல்லி லைனை நிறுத்தச் சொல்லுங்கள். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே பகலில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட மழையில் தண்ணீர் வாசற்படி ஏறுவதற்கு முன்பே அணைத்துவிடுவதுதான் வழி.

வடிந்த பிறகு எலக்ட்ரீஷியன் மெக்கர் (ஒயரில் கசிவு உள்ளதா என்று அளக்கும் கருவி) வைத்துச் சோதிக்காமல் மெயினைப் போட வேண்டாம். மழைநீர் நனைத்த சுவிட்ச் பெட்டி காய்ந்தால் சில நேரம் பிழைக்கும். கடல்நீர் புகுந்ததென்றால் எம்சிபி, ஆர்சிசிபி இரண்டையும் மாற்றியே ஆக வேண்டும். நீர் காய்ந்தாலும் உப்பு உள்ளேயே தங்கும், அடுத்த பனிக்காலத்தில் கசியும்.

துணி காயப்போடும் கம்பி, படகு, வலை இவற்றில் என்ன கவனிக்க வேண்டும்?

சர்வீஸ் ஒயரைத் தாங்க ஓர் இரும்புக் கம்பி கூடவே ஓடும். வெயிலிலும் உப்பிலும் ஒயரின் மேலுறை வெடித்து, காற்றில் உரசி உரசி, அந்த இரும்புக் கம்பியிலேயே மின்சாரம் ஏறிவிடும். அதே கொக்கியில் கொடிக்கம்பியைக் கட்டினால் ஈரத்துணியைப் போடுகிறவர் உயிர் போகும். கொடிக்கு நைலான் கயிறு போதும். தகரக் கூரையில் சர்வீஸ் ஒயர் உரசுகிறதா என்றும் பாருங்கள். படகை டிரெய்லரில் ஏற்றி ஊருக்குள் கொண்டுவரும்போது கொடிமரத்தையும் ஏரியலையும் இறக்கிவிட்டு நகர்த்துங்கள்.

இன்வெர்ட்டர், ஜெனரேட்டர், மாடியில் சோலார் இருக்கிறது.

ஜெனரேட்டரை வீட்டு பிளக்கில் குத்தி ஓட்டாதீர்கள். உங்கள் 230 வோல்ட் திரும்பிப் போய் டிரான்ஸ்பார்மரில் ஏறினால் மறுபக்கம் 11 ஆயிரம் வோல்ட்டாக வெளிவரும். அங்கே லைன்மேன் கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பார். வாரிய லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டுமே வீட்டோடு இணைக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வழியாக மட்டுமே இணைக்க வேண்டும். லாட்ஜ், ஐஸ் கம்பெனி நடத்துபவர்கள் இதை இன்றே சரிபார்த்துவிடுங்கள். ஜெனரேட்டரை ஜன்னலிலிருந்து தள்ளி, திறந்த வெளியில் வையுங்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

வாரிய லைனோடு இணைந்த, பேட்டரி இல்லாத சோலார், கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். பழுதில்லை, லைன்மேனைக் காக்க அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். வழுதூரில் எரிவாயு மின்நிலையமும் கமுதியில் 648 மெகாவாட் சோலாரும் இருந்தும் நம் தெருவில் ஏன் போகிறது என்று கேட்பவர்களுக்கு: பெரும்பாலும் அங்கே உற்பத்தி நின்றதால் அல்ல. அந்த மின்சாரத்தை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவரும் வழியில்தான் கோளாறு.

பிரிட்ஜில் மீனும் இன்சுலினும் இருக்கின்றன.

கதவைத் திறக்காமல் இருந்தால் பிரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் தாங்கும். பிரீசர் நிறைந்திருந்தால் 48 மணி, பாதி என்றால் 24 மணி. உருகி மெத்தென்றான மீனை மறுபடி உறைய வைக்காமல் அன்றே சமைத்துவிடுங்கள். நிறம் மாறிய நண்டையும் கணவாயையும் வைத்துப் பார்க்க வேண்டாம்.

பயன்பாட்டில் உள்ள பெரும்பாலான இன்சுலின் வகைகள் 30 டிகிரிக்குக் கீழ் சுமார் 4 வாரம் இருக்கும். உங்களுடையதற்கு அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதைப் பாருங்கள். ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் பாலித்தீன் பையில் கட்டி வையுங்கள். ஐஸ் மீது நேராக வைத்தால் உறைந்து கெட்டுவிடும்.

யாருக்காவது ஷாக் அடித்தால்?

தொடாதீர்கள். மெயினை அணையுங்கள். அணைக்க முடியாத வீட்டு மின்சாரம் என்றால் உலர்ந்த பிளாஸ்டிக் நாற்காலியால் தள்ளிவிடுங்கள். கம்பத்துக் கம்பி என்றால் லைன் நிற்கும்வரை அருகே போகவே வேண்டாம். 108-ஐ அழையுங்கள். மூச்சும் அசைவும் இல்லையென்றால் மார்பின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, 5 செ.மீ. ஆழம் அமுங்கும்படி நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஆம்புலன்ஸ் வரும்வரை அழுத்துங்கள். எழுந்து உட்கார்ந்து பேசினாலும் அன்றே ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்துவிடுங்கள்.

"இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணை அழையுங்கள்" என்று செய்தி வந்தது.

மோசடி. அந்த எண்ணை அழைக்க வேண்டாம், அவர்கள் சொல்லும் செயலியை ஏற்ற வேண்டாம். பணம் பிடித்துவிட்டார்கள் என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

கரண்ட் வந்துவிட்டது. எல்லாவற்றையும் போடலாமா?

கரண்ட் போனபோதே ஏசி, பிரிட்ஜ், மோட்டார், டிவி பிளக்குகளைப் பிடுங்கி, ஒரே ஒரு பல்பு சுவிட்சை மட்டும் போட்டு வைத்திருங்கள். அது எரிந்தால் வந்துவிட்டது. 5 நிமிடம் பாருங்கள். வெளிச்சம் மங்காமலும் பளிச்சிடாமலும் நின்றால் மின்விசிறி, பிறகு பிரிட்ஜ், கடைசியில் மோட்டாரும் ஏசியும். தெருவே ஒரே நொடியில் எல்லாவற்றையும் போட்டால்தான் இப்போது கட்டிய டிரான்ஸ்பார்மர் பீஸ் மறுபடி போகிறது. உங்கள் தெருவில் வந்து, பின் தெருவில் இன்னும் வரவில்லையென்றால் லைன்மேன் கிளம்பும் முன் அவரிடம் சொல்லிவிடுங்கள்.